பதினான்கு மணி நேரம்தான், அம்மா

1

போன வாரம் என் மகள் யாழினிக்குப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்விகள், கீழே படம் வரையக் கொஞ்சம் இடம். அவளுக்குப் பதினொரு வயது. பிறந்ததே இந்த வெலிங்டனில்தான். நியூசிலாந்தின் தலைநகரம் என்று பெயர், ஆனால் இங்கே ஆட்சி செய்வது காற்று. துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுப்பார்.

நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் மேசையில் மடிக்கணினியைத் தட்டினாள். ஊருக்கு ஊர் தூரமும் விமான நேரமும் சொல்கிற இணையதளங்கள் நிறைய உண்டு. சென்னை என்று ஒரு கட்டத்தில், வெலிங்டன் என்று இன்னொரு கட்டத்தில் போட்டால் நடுவில் வளைந்த கோடு ஒன்று வரும்.

"பதினொண்ணாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். ஃபோர்ட்டீன் ஹவர்ஸ்," என்று எழுதிக்கொண்டாள். "அவ்ளோதானாம்மா? அப்புறம் ஏன் தாத்தா வரவே மாட்டேங்குது?"

தாத்தா வருது, போகுது என்றுதான் அவள் பேசுவாள். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். ஆனால் அன்று என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல, அந்தப் பதினான்கு. அது நான் சொன்ன எண். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு தளத்தில் பார்த்து என் அம்மாவுக்குச் சொன்னது. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில், இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர் விமானம் கிடையாது என்று அன்றைக்கும் போட்டிருந்தது. நான் அதைப் படித்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

2

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அம்மா கேட்டாள். "எவ்ளோ நேரம்டி ஆவும் போய்ச் சேர?"

"பதினாலு மணி நேரம்தாம்மா. தாம்பரத்துல சாயங்காலம் பஸ் ஏறினா கன்னியாகுமரி போய்ச் சேர்ற நேரம்தான்."

அம்மாவின் முகம் தெளிந்தது. கன்னியாகுமரிக்கு அவள் போயிருக்கிறாள். பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெயர் ராமலிங்கம். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பதிவு செய்வதுதான் வேலை. காலை ஏழுக்குமேல் ஒரு நிமிஷம் ஆனாலும் சிவப்பு மையில் லேட் மார்க். மூன்று லேட் மார்க்குக்கு அரை நாள் லீவு போய்விடும். என் சொந்தத் தாய்மாமா அங்கே பெயின்ட் ஷாப்பில் இருந்தார், அவருக்கும் போட்டார். அதற்காக அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

ஒரே ஒரு காரணத்தைத்தான் அப்பா ஏற்றுக்கொள்வார். தாம்பரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டால், அதில் வந்த அத்தனை பேர் பெயருக்கு நேரேயும் நீல மையில் 'வண்டி லேட்' என்று எழுதுவார். அன்று யாருக்கும் மார்க் கிடையாது. "வண்டிக்குப் பொறுப்பு கம்பெனி. ஏறி உக்காந்தவன் இன்னா பண்ணுவான்?" என்பார். வண்டியில் ஏறாமல் தூங்கிவிட்டு, வண்டி லேட் என்று சொல்லி வருகிறவனை மட்டும் அவரால் மன்னிக்க முடியாது.

அப்படிப்பட்டவர் என் பதினான்கு மணி நேரத்தைச் சரிபார்க்காமல் விட்டதே அன்று எனக்குப் பெரிய ஆச்சரியம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து, ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சென்னை என்று மூன்று விமானம். காத்திருப்பதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாளுக்குக் குறையாது. ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் வீங்கின காலோடு வாசலில் வந்து நிற்பேன். "பதினாலு மணி நேரம் உக்காந்தே வந்திருக்கா பாவம்," என்று அம்மா வெந்நீர் போடுவாள். நானும் தலையாட்டுவேன்.

3

இங்கே என் நாள் இப்படிப் போகிறது. காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன், குளிர்காலத்தில் அது இருட்டு. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி இயந்திரத்தில் வைக்கிற வேலை. மாலை ஐந்தரைக்குத் திரும்புவேன், அதுவும் இருட்டு. என் கணவர் சரவணனுக்குக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை, சில வாரம் பகல், சில வாரம் மாலை. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்து டப்பாக்களில் போட்டுவிடுவோம். புதன்கிழமை வாக்கில் அது எந்தக் குழம்பு என்பது யாருக்கும் முக்கியமாக இருக்காது. யாழினி தன் அறையில் இருப்பாள். கதவைத் தட்டினால் "வெயிட்" என்பாள்.

அப்பா தாம்பரம் முடிச்சூர் சாலை வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபத்து மூன்று வயது, மூட்டு வலி, புராஸ்டேட் தொல்லை. மேடவாக்கத்தில் என் தம்பி பாபு அடுக்ககத்தில் இருக்கிறான், பக்கம்தான். ஆனால் அங்கே தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குத்தான் குளிக்க முடிகிறது என்று அப்பா இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அவரே கேட்டார். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்மா. அப்புறம் முடியுமோ முடியாதோ." வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சரிப்பா, விசாவுக்குப் போடுகிறேன் என்றேன்.

படிவத்தை இணையத்தில் திறந்தேன். என் பெயர் கலா, குடும்பப் பெயர் ராமலிங்கம் என்றும், அப்பாவின் குடும்பப் பெயர் கோவிந்தசாமி என்றும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. நம் ஊரில் இது யாருக்கும் கேள்வியே இல்லை, அவரவர் அப்பா பெயர் அவரவருக்கு இனிஷியல். இங்கே அப்பாவும் மகளும் வேறு வேறு குடும்பமாகத் தெரியும். விளக்கம் எழுத ஒரு பெட்டி இருந்தது. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது என்று ஆரம்பித்து, அழித்து, திரும்ப எழுதினேன். பிறகு மார்பு எக்ஸ்ரே, வங்கிக் கடிதம், பயணத்தின் நோக்கம். பாதியில் சேமித்து வைத்தேன். குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்காவிட்டால் அழிந்துவிடும் என்றது. இரண்டு முறை அழிந்தது. மூன்றாம் முறை திறந்து பாதியில் வைத்திருந்தேன்.

காகிதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அவர் வந்தால் பகல் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்றில் மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் மூன்று பேரும் மூன்று நேரத்துக்கு டப்பாவைச் சுடவைத்துச் சாப்பிடுவதைப் பார்ப்பார். இதற்காகவா அம்மாவை விட்டுவிட்டு இவள் வந்தாள் என்று கேட்க மாட்டார். கேட்காமலே தெரிந்துகொள்வார். அதைவிட அவர் வராமலே இருக்கலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

4

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் திதி.

அன்று இங்கே மதியம் ஒரு மணி, அங்கே காலை ஆறரை. பாபு போன் செய்தான். மாரடைப்பு, பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே. நான் பரிசோதனைக் கூடத்தில் நின்றபடி கேட்டேன். சரவணனுக்குச் சொன்னதும் அவர் கிடங்கிலிருந்தே தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நாலு மணிக்கு ஆக்லாந்து ஃபிளைட்ல சீட் இருக்கு. அப்படியே கெளம்பிடு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்."

"எட்டு மணிக்கும் ஒண்ணு இருக்கே, அதுல போறேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பாதியில் இருந்த குழாய்களை முடித்தேன். விடுப்புப் படிவத்தை நிதானமாக, கட்டம் கட்டமாக நிரப்பினேன். வீட்டுக்குப் போய் யாழினியின் பள்ளிச் சட்டை மூன்றை இஸ்திரி போட்டேன். கிளம்பினால் அம்மா செத்துப்போனது நிஜமாகிவிடும் என்பதுபோல ஏதோ ஒன்று காலைக் கட்டியது. ஓடவேண்டிய நேரத்தில் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி விமானம் நேரத்துக்குக் கிளம்பிப் போனது. காற்று எழுந்தது ஆறு மணிக்கு மேல். எட்டு மணி விமானம் பத்தரைக்குத்தான் நகர்ந்தது. ஆக்லாந்தில் சிங்கப்பூர் விமானத்தைத் தவறவிட்டேன். வேறொன்றில் இடம் பிடித்து, வேறு ஊரில் மாறி, மறுநாள் மூன்றரைக்கு முடிச்சூர் சாலை வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன்.

அங்கே நடந்ததை எதிர்வீட்டு ஆட்டோக்கார தனசேகர் அண்ணன் பிறகு சொன்னார். துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போது எடுக்கிறார்கள் என்பதைத்தானே. அன்று சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டி வரவழைத்து அம்மாவை வைத்துவிட்டார். மறுநாள் காலை பதினொன்றுக்கு மயானத்தில் நேரம் வாங்கியிருந்தது.

"கேக்கறவன்கிட்டலாம் உங்கப்பா ஒரே பதில்தான்க்கா. பொண்ணு வந்துகினு கீது, பதினாலு மணி நேரம்தான்னு. பதினொண்ண பன்னண்டர ஆக்குனாரு. பன்னண்டரைய ரெண்டு ஆக்குனாரு. அதுக்கு மேல மயானத்துக்காரன் ஒத்துக்கல. அடுத்த பாடி வந்துச்சி. பேஜாரா பூட்ச்சி."

தனசேகர் அண்ணனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு மணிக்கு எடுத்திருக்கிறார்கள். நான் மூன்றரைக்கு வந்தேன். நாலு மணி விமானத்தில் ஏறியிருந்தால் காலை பத்தரைக்கே வந்து சேர்ந்திருப்பேன். வீடு கழுவியிருந்தது. அப்பா ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான். காற்று, விமானம் தாமதம் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு மணி விமானத்தைப் பற்றி சரவணனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

5

போன சனிக்கிழமை மதியம் பாபு கூப்பிட்டான். குரலில் பாதி கோபம், பாதி சிரிப்பு.

"அக்கா, அப்பா டெய்லி எங்க போறாருன்னு உனக்குத் தெரியுமா?"

"வாக்கிங்தானே?"

"வாக்கிங்கா? ஒரு மாசமா டிரெய்ன்ல போயிட்டு வந்துட்டிருக்காருக்கா. சீசன் டிக்கெட் வாங்கி வெச்சிருக்காரு. தாம்பரத்துல ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போறாரு. எறங்கறதில்ல. அதே வண்டியிலயே திரும்பறாரு. இப்ப செங்கல்பட்டுலேர்ந்து பீச், பீச்லேர்ந்து செங்கல்பட்டு. நேத்து ஏழு மணி நேரம். போன் எடுக்கலன்னு ஆபீஸ்லேர்ந்து ஓடி வந்தேன். தனசேகர் அண்ணன்தான் சொன்னாரு, சார் பிளைட்டுக்குப் பழகறாருன்னு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. புராஸ்டேட் தொல்லை உள்ள மனிதர், மூட்டு மடக்க முடியாத மனிதர், பலகை இருக்கையில் ஏழு மணி நேரம்.

"பிளைட்ல பாத்ரூம் இருக்குப்பான்னு சொன்னேன்," என்றான் பாபு. "தெரியும்டா, நடுவுல உக்காந்திருக்கறவன் எழுந்து வழி விடணுமே, சும்மா சும்மா அவன எழுப்ப முடியுமாங்கறாரு. எழுந்திரிக்காம எவ்ளோ நேரம் தாங்குதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. நீ ஏதாவது சொல்லுக்கா. அவரு எப்பவும் நீ சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் அவர் அம்மாவை இரண்டு மணிவரை வைத்திருந்தார். இப்போதும் நான் சொன்ன பதினான்கை நம்பித்தான் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.  இன்றைக்கு இந்த எண்ணை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

6

அன்று சாயங்காலம் அப்பாவை வீடியோவில் அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி அந்தத் தாளோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். தாத்தா என்றால் மட்டும் அவள் அறைக் கதவு தானாகத் திறக்கும்.

"தாத்தா, சென்னைலேர்ந்து இங்க எவ்ளோ நேரம்? ஃபோர்ட்டீன் ஹவர்ஸ் கரெக்டா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. பதினாலு மணி நேரம்தான்."

"தாத்தா எப்ப வரும்?"

"வரும்மா. தாத்தா சீக்கிரம் வரும்," என்றார் அவரும் அவள் பாஷையிலேயே.

அவள் போனதும் போனை வாங்கினேன். "அப்பா, அது பதினாலு இல்லப்பா. நான் அப்ப அம்மாகிட்ட சொன்னது தப்பு."

"தெரியுமே." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு பாபு உனக்கு போன் பண்ணதுலேர்ந்து ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தது நான்தானேம்மா. முப்பத்தி மூணு. ஆனா அவ்ளோத்தையும் ஒரே எடத்துல உக்கார வேணாம். நடுவுல எறங்கி ஏறணும், அப்ப கால நீட்டிக்கலாம். சிங்கப்பூர்லேர்ந்து ஆக்லாந்து, அதான் கஷ்டம். பத்து மணி நேரம். நான் பழகறது அதுக்குத்தான். ஏழு ஆயிடுச்சு. இன்னும் மூணு."

முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவர் சரிபார்க்காமல் விடுவாரா. நான்தான் பன்னிரண்டு வருஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்புறம் ஏன்ப்பா கொழந்தைகிட்ட பதினாலுன்னு சொன்னீங்க?"

"சின்னப் பொண்ணு. முப்பத்தி மூணுன்னு சொன்னா, இந்தத் தாத்தா எங்க வரப்போறாருன்னு விட்டுடும்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீயும் அதுக்குத்தானே அம்மாகிட்ட சொன்ன?"

தலையாட்டினேன். அவரே, "ஃபாரத்த அனுப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அனுப்பும்மா. நீ அனுப்பற வேகத்துக்கு நான் பழகிக்கிட்டிருக்கேன்," என்றார். கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்தில் ஒருநாளும் தெரியாது.

சிறிது நேரத்தில் பாபுவிடமிருந்து படங்கள் வந்தன. நோட்டின் எல்லாப் பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருந்தான், பார்த்துவிட்டு அப்பாவைத் திட்டு என்று. டைம் ஆபீஸ் பதிவேடு மாதிரியே கோடு போட்டிருந்தது. பெயர், கிளம்பிய நேரம், வந்த நேரம், மொத்தம், குறிப்பு. 'தாம்பரம் – பீச் – தாம்பரம், 2 மணி, எழுந்தது ஒரு தடவை.' 'செங்கல்பட்டு – பீச், எழுந்திருக்கவில்லை. வலது முட்டி வலி.' 'காட்டாங்கொளத்தூரில் சிக்னல், 20 நிமிடம்.' ஒரு மாதம் வரிசையாகப் போயிருந்தது.

முதல் பக்கம் கடைசியாக வந்தது. அதில் ஒரே ஒரு வரி. மை பழையது, ரயில் பயணம் எதற்கும் சேராதது. அம்மா போன தேதி.

'கலா. வெலிங்டன் – தாம்பரம். காலை 6.30 – மறுநாள் மாலை 3.30. மொத்தம் 33. வண்டி லேட்.'

நீல மையில் எழுதியிருந்தது.

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். யாழினி கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். அழைக்காமலே வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு நான் மடிக்கணினியைத் திறந்து, எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அவர் என் தந்தை என்று அந்தப் பெட்டியில் இரண்டே வரி எழுதி, மீதியையும் நிரப்பி, படிவத்தை அனுப்பினேன்.

அவர் வந்து இறங்கி, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு சொல்ல வேண்டும். அப்பா, அன்னிக்கு நாலு மணி வண்டி கரெக்ட் டைமுக்குத்தான் கெளம்புச்சு. நான்தான் ஏறலை.